தேய்மானம்

சம்பளப் பட்டியலில் பதினொரு பேர்.
எல்லாருக்கும் ஈபிஎஃப் உண்டு, சொக்சோ உண்டு.
சொக்சோ ஆபீஸ் பெண் போனில் கேட்டாள்,
'என்ன தொழில்க்கா?'
பாலே என்றேன்.
'பால் மரம் வெட்டா?'
சுங்கை கெலாடியில் அப்படித்தான் காதில் விழும்.
இல்லம்மா, ஆட்டம். கால்விரல் நுனியில்.
கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தமே இல்லை.
பிறகு 'இதர' என்று போட்டுக்கொண்டாள்.

இதர வகையினர் காலை ஒன்பதுக்கு வருவார்கள்.
பழைய ரப்பர் ஷீட் கிடங்கு.
மழை நாளில் சுவரிலிருந்து புகை மணம் எழும்.
வாசலில் தகரத் தட்டு, அதில் குங்கிலியப் பொடி.
அதை மிதித்து நெரித்துவிட்டுத்தான்
தளத்தில் ஏறவேண்டும், வழுக்கக் கூடாது.
ஒரு மரத்தின் பால் காய்ந்த இடத்தில்
இன்னொரு மரத்தின் பிசின்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
வவுச்சரில் அதற்குக் கட்டம் கிடையாது.

சாட்டின் காலணி ஜோடி முந்நூற்று இருபது வெள்ளி.
யாப் மெய் குவான் புதிதைப் பிரித்ததும்
கதவிடுக்கில் வைத்து நசுக்குவாள்,
அடியைக் கத்தியால் கீறுவாள்,
சுத்தியலால் மூக்கில் அடிப்பாள்.
எனக்கு வயிறு எரியும்.
ஒரே ராத்திரி, செத்துவிடும்.
ஆடிட்டர் கேட்டார்: இது சொத்தா, செலவா?

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
குணசுந்தரியும் ஷாருலும் டயாலிசிஸ் மையத்துக்குப் போவார்கள்.
ஒரு கையில் ஊசி. மற்ற கைக்கு மட்டும் ஆட்டம்.
தோளிலிருந்து மெல்ல, விரல் கடைசியில்.
லோரி ஓட்டிய தங்கையா
கையை வட்டமாகக் கொண்டுவருவது
கேமரன் மலை வளைவில் ஸ்டியரிங் திருப்புவதுபோல.
ஷாருல் திருத்தவில்லை.
மாநில மானியப் பாரத்தில் இதைச்
'சமூகப் பங்களிப்பு, 14 நபர்' என்று எழுதினேன்.
அடுத்த மாதம் 13.

டிசம்பரில் ஆறு ஏறியது.
மேட்டில் இருப்பது எங்கள் கிடங்கு ஒன்றுதான்.
நாற்பத்தொரு குடும்பம், இரண்டு கோழிக் கூண்டு,
ஒரு டிவி பிளாஸ்டிக் சுற்றி.
ஆடும் தளத்தில் பாய் விரித்தார்கள்.
இடுப்புயரக் கம்பியில், காலைதோறும் பதினொரு குதிகால் ஏறும் கம்பியில்,
கைலி, பள்ளிச் சீருடை, குழந்தைத் துணி.
தைப்பிங்கில் இருபத்தொன்பதாம் தேதி ஷோ.
சரக்கு ஏற்றும் மேடையில் பயிற்சி நடந்தது,
பன்னிரண்டு அடி அகலம், சாரல் வேறு.

செம்பனைப் பழம் பொறுக்கும் பச்சையம்மா
மைலோ டம்ளரோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
'இதுக்குச் சம்பளமா?'
சொல்லக் கூடாது. சொன்னேன்.
'மில்லுல கூடத் தர்றான்' என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.
மெய் குவானின் காலணி முனை சிவந்திருந்தது.
எழுந்து போனாள், கேட்காமலே அந்தக் காலை
மடியில் எடுத்து வைத்தாள்,
முள் தேடுகிறவள்போல விரல் விரலாகப் பிரித்தாள்.
'இந்த நகம் நிக்காது. மூணு நாள்.'
இருபத்தெட்டாம் தேதி விழுந்தது.
மெய் குவான் அதைத் தீப்பெட்டியில் வைத்து
என்னிடம் காட்டினாள், ஏதோ ரசீது மாதிரி.
மறுநாள் ஆடினாள்.

தண்ணீர் வடிந்தபின்
தளத்தின் நடுவே வட்டமாக ஒரு கருகல்.
யாரோ சோற்றுப் பானையை இறக்கிய இடம்.
புதுத் தளம் பதினான்காயிரம் என்றார்கள்.
கமிட்டி அடுத்த வருஷம் என்றது,
அதற்கடுத்த வருஷமும்.
முன்பெல்லாம் நடு இடம் தெரிய
வெள்ளை டேப் ஒட்டுவோம்.
இப்போது வாங்குவதில்லை. சுற்றிச் சுழல்கிறவர்கள்
கருகல்மேல் வந்து நிற்கிறார்கள்.

ஏட்டில் அந்தத் தளத்தின் மதிப்பு ஒரு வெள்ளி.
முழுசாகத் தேய்ந்த சொத்தை
நாங்கள் அப்படித்தான் வைத்திருப்போம்,
இருக்கிறது என்று தெரிய.